நாற்பத்தொரு மில்லி செகண்ட்

லிப்ட்காரர் ஒரு புதுச் சாமான் வாங்க வேண்டுமென்றால் ஏழு நாள் யோசிப்பார், எட்டாம் நாள் வேண்டாம் என்று முடிவு பண்ணுவார். அப்படிப்பட்ட மனுஷன் ஒரு சனிக்கிழமை புது ஆடியோ இன்டர்ஃபேஸ் ஒன்றைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வீட்டுக்குள் நுழைந்தார் என்றால், வேறு வழியே இல்லாமல்தான் வாங்கியிருக்கிறார் என்று அர்த்தம். புதுக் கம்ப்யூட்டர் பழைய பெட்டியைக் கண்டுகொள்ளவே மாட்டேன் என்று அடம்பிடித்தது. ஒயரை மாற்றிப் பார்த்தார், சாஃப்ட்வேரை அழித்துவிட்டு மறுபடி போட்டுப் பார்த்தார், அதட்டிக்கூடப் பார்த்தார். அந்த மாடலை எல்லாரும் கைகழுவி வருஷக்கணக்காகிறது என்று கடைக்காரர் போனில் சொன்ன பிறகுதான் மனம் இறங்கினார்.

இதெல்லாம் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. மைக்கில் பாடுவது கம்ப்யூட்டருக்குள் போவதும், கம்ப்யூட்டரில் இருப்பது ஸ்பீக்கருக்கும் ஹெட்ஃபோனுக்கும் வருவதும் இந்தப் பெட்டி வழியாகத்தான். வீட்டுக்கு வாசற்கதவு மாதிரி. இந்த வீட்டில் அதற்கு இன்டர்ஃபேஸ் என்ற பெயரே கிடையாது, வெறும் 'பெட்டி'தான். பழையது சாம்பல் நிறம், செங்கல் அளவு, முன்பக்கம் ரெண்டு குமிழ். இடது குமிழ் என்றைக்கோ கழன்று தொலைந்துபோக, அந்த இடத்தில் ஒரு பற்பசை மூடி உட்கார்ந்திருந்தது. அளவெடுத்துச் செய்ததுபோல் கச்சிதமாக உட்கார்ந்ததைப் பார்த்து அன்றைக்கு மூன்று பேரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள்.

மூன்று பேர் யாரென்றால், லிப்ட்காரர், அவர் மனைவி, மனைவியின் அண்ணன். லிப்ட்காரருக்குப் பகலெல்லாம் லிப்ட் ரிப்பேர். கதவு மூடுவதில் அரை நொடி பிசகினாலும் அந்தக் கட்டடத்தை விட்டு நகர மாட்டார். வீட்டில் கீபோர்டு வாசிப்பார். மனைவிக்கு மருந்துக்கடையில் வேலை. பாட்டெழுதுவதும் பாடுவதும் அவள்தான். அண்ணன் பஸ் டிரைவர், தபேலா வாசிப்பவர். லிப்ட்காரருக்கு அவர் மச்சான். மச்சானுக்கு இவர் மாப்ளே. ரெண்டு பேருக்கும் ஒரே வயசு, ஒரே அளவு சட்டை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் லிப்ட்காரர் பின்னறைக்குள் போய் மேசைக்கு அடியில் படுத்தார், பழைய ஒயர்களைப் பிடுங்குவதற்காக. பதினோரு வருஷத்துத் தூசி. தும்மிக்கொண்டே ஒவ்வொன்றாக உருவினார். ரெண்டு மைக் ஒயர்களின் முனையிலும் வெள்ளை ஒட்டுத்தாள் சுற்றியிருந்தது, மருந்துக்கடையில் பாட்டிலுக்கு ஒட்டுகிற அதே தாள். ஒன்றில் மனைவியின் கையெழுத்தில் 'நான்' என்று இருந்தது. இன்னொன்றில் 'அண்ணன்'.

மேசைக்கடியில் அப்படியே கிடந்தார்.

அதை ஒட்டின நாள் நன்றாக ஞாபகம் இருந்தது. "எனக்கு ஒயர் இல்லையா?" என்று இவர் கேட்டதற்கு அவள், "உங்களுக்கு எதுக்கு? நீங்கதான் எல்லார் ஒயர்லயும் புகுந்துடுவீங்களே" என்றாள். உண்மைதான். பெட்டியில் மைக்குக்கென்று இருந்தது ரெண்டே ஓட்டை. ஒன்று பாட்டுக்கு, ஒன்று தபேலாவுக்கு. கீபோர்டு தன் சொந்த ஸ்பீக்கரில் சத்தம் போடும், அது ரெண்டு மைக்கிலும் தானாகவே விழுந்துவிடும்.

அந்த ஞாயிற்றுக்கிழமைகள் எப்படி இருந்தன என்கிறீர்கள்? சுவரெல்லாம் போர்வை, ஜன்னலில் தலையணை, மெத்தை செங்குத்தாகக் கதவில் சாய்ந்திருக்கும். ஃபேன் போடக் கூடாது, சத்தம் மைக்கில் விழும். மூன்று பேரும் ஒரு கையெட்டும் தூரத்தில் உட்கார்ந்து வேர்த்துக் கொட்டியபடி வாசிப்பார்கள். மாடி வீட்டில் வாஷிங் மெஷின் சுற்ற ஆரம்பித்தால் டீக்கு இடைவேளை. எத்தனை நேரம் சுற்றும் என்பது மச்சானுக்கு அத்துப்படி. சரியாக அது நிற்கிற நேரத்துக்கு டம்ளரைக் கீழே வைப்பார். யாராவது தப்பாக வாசித்தால் மூன்று பேரும் நிறுத்தி, மூன்று பேரும் சிரித்து, மறுபடி ஒன்று ரெண்டு மூன்று என்று ஆரம்பிப்பார்கள். நாலு வருஷத்தில் பதினோரு பாட்டு. ஒன்றுகூட வெளியே போய்ப் பெயர் வாங்கவில்லை. யாருக்கும் அதைப் பற்றிக் கவலையும் இருக்கவில்லை.

பிறகுதான் லிப்ட்காரர் வீடியோ பார்க்க ஆரம்பித்தார். பெரிய ஸ்டுடியோக்களில் எப்படிப் பண்ணுகிறார்கள், எதை முதலில் எடுக்கிறார்கள், எதைப் பின்னால் சேர்க்கிறார்கள் என்று ராப்பகலாகப் பார்த்துவிட்டு ஒரு நாள் வந்து சட்டம் போட்டார்.

"இனிமே ஒவ்வொருத்தரா எடுக்கலாம். அப்பத்தான் சுத்தமா இருக்கும்."

"இப்ப என்ன அழுக்கா இருக்கு?" என்றார் மச்சான்.

"உன் தபேலா அவ மைக்ல கேக்குது, அவ பாட்டு உன் மைக்ல கேக்குது. இது ரெக்கார்டிங்கா, சந்தைக்கடையா?"

பன்னிரண்டாவது பாட்டு அப்படித்தான் ஆரம்பித்தது. துணி காயப்போடுவதைப் பற்றி அவள் எழுதின பாட்டு, நல்ல துள்ளலான பாட்டு. கீபோர்டை இவர் இந்தத் தடவை ஸ்பீக்கர் வழியாக எடுக்கவில்லை. தனி ஒயரில் நேராகக் கம்ப்யூட்டருக்குள் சொருகி, எந்தக் கட்டை எப்போது அழுந்தியது என்ற கணக்கை மட்டும் ஏற்றினார். பெட்டிக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. அதன் பிறகு அவள் ஹெட்ஃபோனில் அதைக் கேட்டுக்கொண்டே பாடினாள். கடைசியாக மச்சான். தன்னந்தனியாக அறையில் உட்கார்ந்து, காதில் ஹெட்ஃபோனோடு வாசித்தார்.

போட்டுக் கேட்டார்கள். தபேலா பின்னால் விழுந்தது.

"கொஞ்சம் லேட்டு மச்சான்."

"அப்படியா? சரி, இன்னொண்ணு."

இன்னொன்று, இன்னொன்று என்று பதினேழு டேக் போயிற்று. முதலில் ஒரே மாதிரி லேட்டு. லேட்டு என்று சொல்லச் சொல்ல மனுஷன் முந்திக்கொண்டு வாசிக்கப் பார்த்தார். ஒரு அடி முன்னால், ஒரு அடி பின்னால் என்று எல்லாம் கலைந்துபோயிற்று. லிப்ட்காரர் திரையில் தாளம் விழ வேண்டிய கோடுகளைக் காட்டினார். "பாரு, கோடு இங்க இருக்கு, உன் அடி அங்க இருக்கு. நான் பொய் சொல்றேன்னே வெச்சுக்கோ, இதுவும் பொய் சொல்லுதா?" மச்சான் அரைமனதாகச் சிரித்தார். "ஊர்ல பாதிப் பேர் என் பஸ்ஸைப் பாத்துத்தான் வாட்சைத் திருத்திக்கிறாங்க. என்னைப் போய் லேட்டுங்கிறியே மாப்ளே."

அந்த வேடிக்கைப் பேச்சோடு விட்டிருக்கலாம். இந்த மனுஷன் விடுவாரா? உறவுக்காரர்கள் நாலு பேர் கூடின இடத்தில் "வாங்க லேட்டு மச்சான்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். மறுபடி சொன்னார். சீக்கிரத்தில் சின்னஞ்சிறுசுகள்கூட லேட்டு மாமா என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டன. பஸ் டிரைவரை லேட்டு என்று கூப்பிடுவதில் எல்லாருக்கும் ஒரு தனிச் சந்தோஷம். ஒரு தடவை மனைவி இவரைச் சமையலறைக்குக் கூப்பிட்டு, "போதும், நிறுத்துங்க" என்றாள். சும்மா தமாஷுக்குத்தானே என்றார் இவர்.

அதைவிடப் பெரிய காரியம் ஒன்று பண்ணினார். மச்சானுக்குத் தெரியாமல் அந்தத் தபேலாவை மொத்தமாக எடுத்துவிட்டு, கம்ப்யூட்டரில் ரெடிமேடாகக் கிடைக்கிற மெஷின் தபேலாவைப் பாட்டில் வைத்தார். ஒரு மதியம் வீட்டில் பத்துப் பேர் இருக்கும்போது பாட்டைப் போட்டார். மச்சான் ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் ஆசையாக நகர்ந்து உட்கார்ந்தார். ரெண்டு வரி போவதற்குள் அவர் முகம் செத்துப்போயிற்று. தன் கை தனக்குத் தெரியாதா? பாட்டு முடிகிறவரைக்கும் அசையாமல் கேட்டார். "மெஷின் நல்லா வாசிக்குது மாப்ளே" என்றார். சாப்பிட்டார், கை கழுவினார், சொல்லிக்கொண்டு கிளம்பினார்.

சண்டை ஒன்றும் இல்லை. வருவார், போவார், நல்லது கெட்டதுக்கு முதல் ஆளாக நிற்பார். ஆனால் அந்தப் பின்னறைக்குள் மட்டும் அதன் பிறகு கால் வைக்கவில்லை. தங்கச்சி ஒரு நாள் ஜாடையாகக் கேட்டதற்கு, "உன் வீட்டுக்காரர் சொன்னா சரியாத்தான் இருக்கும்மா. எனக்குத் தாளம் விட்டுப்போச்சு" என்றாராம். அதை அவள் லிப்ட்காரரிடம் வந்து சொன்னபோது, இவர் வருத்தப்பட்டார் என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் தான் சொன்னதில் தப்பு இருக்கும் என்று ஒரு நிமிஷம்கூட நினைக்கவில்லை. இது நடந்து ஏழு வருஷம். அதன் பிறகு அந்த அறையில் பாட்டே இல்லை. கடை விளம்பரங்களைப் பேசிப் பதிவு பண்ணினார்கள். அவர் கம்பெனி லிப்ட்களுக்காக, 'கதவை விட்டு விலகி நிற்கவும்' என்று அவள் நாற்பது விதமாக மைக்கில் பேசிக் கொடுத்தாள்.

போகட்டும். லிப்ட்காரர் மேசைக்கடியிலிருந்து எழுந்து, முட்டியைத் தட்டிவிட்டு, புதுப் பெட்டியைச் சொருகினார். கண்ணாடி மாதிரி கறுப்பு, நாலு ஓட்டை. கடைக்காரர் ஒரு சோதனை சொல்லியிருந்தார். "வெளிய போற ஓட்டையையும் உள்ள வர்ற ஓட்டையையும் ஒரே ஒயரால இணைச்சிருங்க. ஒரு டிக் சத்தம் அனுப்பி, அதையே திரும்ப ரெக்கார்ட் பண்ணுங்க. போன டிக்கும் வந்த டிக்கும் ஒரே கோட்டுல நிக்கணும். நின்னா பெட்டி யோக்கியம்."

அனுப்பினார். வந்தது. ரெண்டும் ஒரே கோட்டில் நின்றன. நிம்மதியாக இருந்தது, கூடவே ஓரத்தில் கிடந்த பழைய பெட்டியைப் பார்க்க என்னவோபோலவும் இருந்தது. நேற்று வந்தவனைப் பாராட்டிவிட்டுப் பதினோரு வருஷம் உழைத்தவனை மூட்டை கட்டுவதா? பழைய கம்ப்யூட்டர் இன்னும் மேசை மேல்தான் இருந்தது. அதில் பழைய பெட்டியைச் சொருகி, அதே ஒயரைப் போட்டு, அதே டிக்கை அனுப்பினார். நீயும் சளைத்தவன் இல்லை என்று காட்டிவிட்டுப் போ என்று வாய்விட்டே சொன்னார்.

வந்த டிக் கோட்டில் நிற்கவில்லை. தள்ளி நின்றது. அளந்தார். நாற்பத்தொரு மில்லி செகண்ட்.

ஒயர் சரியில்லை போலிருக்கிறது என்று வேறு ஒயர் போட்டார். நாற்பத்தொன்று. பெட்டியை அணைத்துப் போட்டார். நாற்பத்தொன்று. ஒன்பது தடவை அனுப்பினார், ஒன்பது தடவையும் அதே எண். சத்தம் உள்ளே போக எவ்வளவு நேரமாகும் என்று பெட்டி கம்ப்யூட்டரிடம் ஒரு கணக்கு சொல்ல வேண்டும். கம்ப்யூட்டர் அந்த அளவுக்கு அதை முன்னே இழுத்து வைத்துக்கொள்ளும். பெட்டி சொன்ன கணக்கு பொய். வாங்கின நாள்முதலே பொய்.

ஒரு நொடியை ஆயிரம் துண்டாக நறுக்கினால் அதில் நாற்பத்தொரு துண்டு. பேச்சுக்கு அது ஒன்றுமே இல்லை. தபேலா அடிக்கு அது ரொம்ப தூரம்.

லிப்ட்காரர் உட்கார்ந்து யோசித்துப் பார்த்தார். மூன்று பேரும் சேர்ந்து வாசித்த காலத்தில் இது தெரிய வழியே இல்லை. எல்லாருமே சேர்ந்து நாற்பத்தொன்று தள்ளி விழுந்தார்கள், அதனால் யாரும் யாருக்கும் லேட்டு இல்லை. ஒவ்வொருவராக எடுத்தபோதுதான் வினை. அவருடைய கீபோர்டு பெட்டி வழியாகப் போகவே இல்லை, கோட்டில் கச்சிதமாக நின்றது. பெட்டி வழியாகப் போனது மற்ற ரெண்டு பேர்தான்.

புதுக் கம்ப்யூட்டரில் பன்னிரண்டாவது பாட்டைத் திறந்தார். எதையும் அழிக்கிற வழக்கம் அவருக்கு இல்லை. 'லேட்டு 1' முதல் 'லேட்டு 17' வரைக்கும் அத்தனையும் வரிசையாக இருந்தன. பெயர் வைத்ததும் அவர்தான். அந்தப் பெயரைப் பார்க்கவே கூச்சமாக இருந்தது. மெஷின் தபேலாவின் சத்தத்தை அமுக்கிவிட்டு, மச்சானின் முதல் டேக்கை எடுத்து, முழுசாக நாற்பத்தொரு மில்லி செகண்ட் முன்னால் நகர்த்தினார். போட்டார்.

என்னத்தைச் சொல்வது. ஒவ்வொரு அடியும் அவள் பாட்டுக்கும் அவர் கீபோர்டுக்கும் நடுவில் போய் உட்கார்ந்தது. மெஷினால் வாசிக்கவே முடியாத ஒரு துள்ளல் அதில் இருந்தது. ஈரத்துணியை உதறுகிற இடத்தில் மச்சான் ஒரு சின்ன உருட்டல் உருட்டியிருந்தார்; ஏழு வருஷத்துக்கு முன்னால் அது இவர் காதில் விழவே இல்லை, கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்ததால்.

"அண்ணன் வந்திருக்காரா?"

வாசலில் மனைவி, கையில் கரண்டியோடு. அறையைச் சுற்றிப் பார்த்தாள். அண்ணன் இல்லை. பாட்டு மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

"இது அண்ணன் கை. எப்ப வாசிச்சது?"

"அன்னிக்கு வாசிச்சதுதான். முதல் டேக்."

"அதுதான் லேட்டுன்னீங்களே."

அவர் சொன்னார். டிக், கோடு, நாற்பத்தொன்று, எல்லாவற்றையும் சொன்னார். லிப்ட் ரிப்பேரை வாடிக்கையாளருக்கு விளக்குகிற குரலில்தான் ஆரம்பித்தார். பாதிக்கு மேல் தரையைப் பார்த்தே சொல்லி முடித்தார். அவள் கரண்டியை மேசை மேல் வைத்தாள்.

"அப்ப நான் பாடினதும் தள்ளித்தானே விழுந்திருக்கும்?"

"ம்."

"அதை என்ன சொன்னீங்க அன்னிக்கு? சாவகாசமா பாடுறா, அந்த இழுப்புதான் அழகுன்னு எல்லார்கிட்டயும் சொன்னீங்க. ஒரே பெட்டி, ஒரே அளவு. எனக்கு அது அழகு, அண்ணனுக்கு லேட்டு."

லிப்ட்காரர் கையை நீட்டிப் பாட்டை நிறுத்தினார்.

"சொல்லிடுங்க அண்ணன்கிட்ட" என்றாள்.

"ஏழு வருஷம் ஆச்சு. இப்பப் போய்ச் சொன்னா ஆறின புண்ணைக் கிளறின மாதிரி ஆகாதா?"

"ஆறிடுச்சுன்னு யார் சொன்னது உங்களுக்கு?" அவளுக்குக் கண் கலங்கிவிட்டது, கோபமும் குறையவில்லை. "தாளம் விட்டுப்போச்சுன்னு நம்பிக்கிட்டு உக்காந்திருக்கார் ஒரு மனுஷன். நீங்க சொல்லலைன்னா நான் சொல்லுவேன். ஆனா நான் சொன்னா அது சேதி. நீங்க சொல்லணும்."

நேர்மையாகச் சொன்னால், லிப்ட்காரருக்கு ஓடி ஒளிந்துகொள்ளலாம் போலிருந்தது. பழைய பெட்டியைக் குப்பையில் போட்டுவிட்டால் சாட்சி போயிற்று. இந்த நாற்பத்தொன்றைத் தேடிக்கொண்டு யார் வரப்போகிறார்கள்? ஆனால் ஒரு வேலையில் பிசகு தெரிந்த பிறகு மூடி வைத்துவிட்டு வருகிற ரகம் இல்லை அவர். அந்த ஒரு நல்ல குணத்துக்காகத்தான் அவள் அவரோடு குடும்பம் நடத்துகிறாள். போனை எடுத்தார்.

"சொல்லு மாப்ளே."

"மச்சான், இன்னிக்கு வீட்டுக்கு வர முடியுமா?"

"என்ன விஷயம்? தங்கச்சிக்கு ஏதாவது?"

"அவ நல்லா இருக்கா. நீ... பின் ரூமுக்கு வரணும். ஒண்ணு கேக்க வைக்கணும்."

"ரெண்டு மணிக்கு ஷிஃப்ட் முடியும்" என்றார் மச்சான்.

மூன்று மணிக்கு வந்தார், யூனிஃபார்ம் சட்டையோடு. தண்ணீர் குடித்தார். தங்கச்சி முகத்தைப் பார்த்தார், மாப்பிள்ளை முகத்தைப் பார்த்தார், யாரோ போய்விட்ட வீட்டுக்கு வந்தவர்போல் குரலைத் தாழ்த்தி, "என்னம்மா?" என்றார். அவள் பின்னறைப் பக்கம் கையைக் காட்டினாள். அவர் அந்த நிலைப்படிக்கு முன்னால் ஒரு நிமிஷம் நின்று, செருப்பு இல்லாத காலைக் குனிந்து பார்த்துவிட்டு, உள்ளே வந்தார். முன்பு உட்கார்கிற மூலைக்குப் போகவில்லை. கதவோரம் கிடந்த ஸ்டூலில் உட்கார்ந்தார்.

லிப்ட்காரர் முன்கூட்டியே நாலு வாக்கியம் தயார் பண்ணி வைத்திருந்தார். அதையெல்லாம் விட்டுவிட்டுப் பாட்டைப் போட்டுவிட்டார்.

மச்சான் முதல் உருட்டலிலேயே நிமிர்ந்தார். தலையைச் சாய்த்துக் கேட்டார். பாட்டு முடிந்தது.

"இது யாரு?"

"நீதான்."

"நான் இவ்வளவு சரியா வாசிச்சதில்லையே. நகர்த்தி வெச்சியா?"

"ஒரு அடியையும் நகர்த்தல. மொத்தமா அப்படியே முன்னால தள்ளினேன், அவ்வளவுதான். உன் முதல் டேக் மச்சான். நீ லேட்டே இல்ல. இந்தப் பெட்டிதான் லேட்டு." பழைய பெட்டியைத் தூக்கிக் காட்டினார். சோதனையைத் திரும்பச் செய்தும் காட்டினார், டிக் அனுப்பி, அளந்து. "பாரு, இதுதான். வாங்கினதுலேருந்தே இப்படித்தான். பெட்டி பண்ணின வேலை மச்சான்."

மச்சான் பெட்டியைக் கையில் வாங்கிப் பார்த்தார், திருப்பிப் பார்த்தார், திரும்ப லிப்ட்காரர் மடியிலேயே வைத்துவிட்டார்.

"பெட்டி என்னை ஒண்ணும் சொல்லலையே மாப்ளே" என்றார். "லேட்டுன்னு சொன்னது நீ."

குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் லிப்ட்காரர் தாங்கியிருப்பார்.

"நாலு வருஷம் உன் முட்டியில என் முட்டி இடிக்க உக்காந்து வாசிச்சேன். பதினோரு பாட்டு. அதுல ஒரு நாளாவது லேட்டா வாசிச்சிருக்கேனா? அதெல்லாம் உன் காதுல இருந்துதானே? திரையில ரெண்டு கோட்டைப் பாத்ததும் அந்த நாலு வருஷத்தைத் தூக்கிப் போட்டுட்டியே."

"தப்புதான் மச்சான்."

"நானும் அதைத்தானே பண்ணினேன்" என்றார் மச்சான், அவரைக் கவனிக்காமல் தனக்கே சொல்வதுபோல். "என் கை எனக்குச் சரின்னுதான் சொல்லுச்சு. நீ சொன்னேன்னு கையை விட்டுட்டேன். வண்டி சிக்னல்ல நிக்கும்போது விரல் தானா ஸ்டியரிங்ல தாளம் தட்டப் போகும் மாப்ளே. எடுத்துடுவேன். ஏழு வருஷமா எடுத்துக்கிட்டே இருக்கேன். தனியா இருக்கும்போதுகூடத் தட்டினதில்ல. லேட்டா விழுமேன்னு பயம். பாக்கிறதுக்கு ஒருத்தன் இல்லாத இடத்துல என்ன பயம் சொல்லு?"

தங்கச்சி சுவரில் சாய்ந்து அழுதாள். லிப்ட்காரர் எழுந்து வந்து மச்சான் முன்னால் தரையில் உட்கார்ந்தார். "என்னை மன்னிச்சிரு" என்றார். "உன்னைப் பட்டப் பேர் வெச்சுக் கூப்பிட்டது, உன்கிட்ட கேக்காம உன் கையை எடுத்துட்டு மெஷினை வெச்சது, எல்லாத்துக்கும். அந்த மெஷினை இப்பவே அழிச்சிடறேன். உன் தபேலாவைக் கொண்டு வா, மறுபடி உக்காருவோம்."

"தபேலா எங்க இருக்கு? டிப்போவுல ஒருத்தர் பொண்ணு கத்துக்கணும்னு கேட்டாங்க. கொடுத்து நாலு வருஷம் ஆச்சு."

"வேற வாங்கலாம்."

"விரலைப் பாரு முதல்ல." நீட்டிக் காட்டினார். கியர் பிடித்துப் பிடித்துத் தடித்துப்போன விரல்கள். நடுவிரல் முழுசாக மடங்கவில்லை. "இது வாசிக்கிற கையா?"

மாடியில் யாரோ நாற்காலியை இழுத்தார்கள். மச்சான் எழுந்து போய்விடுவார் என்றுதான் லிப்ட்காரர் நினைத்தார். போனால் தடுக்கிற தகுதி தனக்கில்லை என்றும் நினைத்தார். மச்சான் எழுந்தார். ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு வந்து மேசைக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார்.

"இன்னொரு தடவை போடு. கொஞ்சம் சத்தமா வை."

போட்டார். முடிந்ததும் அவர் கேட்காமலேயே மறுபடி போட்டார். மூன்றாவது தடவை, அந்த உதறுகிற இடம் வருவதற்குக் கொஞ்சம் முன்னால், மச்சானின் வலது கை மேசை விளிம்புக்கு வந்தது. ஒரு விரல் தட்டியது. நின்றது. பிறகு ரெண்டு விரல். இடது கை எங்கே வைப்பது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் தொடையிலேயே இருந்துவிட்டு, அதுவும் மேலே வந்தது. மடங்காத விரலை ஒதுக்கிவிட்டு மற்ற விரல்களால் உருட்டிப் பார்த்தார். பாட்டு போய்க்கொண்டே இருந்தது. தட்டிக்கொண்டே, மேசையிலிருந்து கண்ணை எடுக்காமல், அந்த ஐம்பது வயசு மனுஷன் மெல்லக் கேட்டார்.

"சரியா விழுதா மாப்ளே?"

லிப்ட்காரர் கோடு ஓடுகிற திரையை மட்டும் அணைத்தார்.

"என்கிட்ட கேக்காத மச்சான்" என்றார். "நீ வாசி."